மூவாயிரத்து இருநூறு வாக்கியங்கள்

ஜூன் 3, திங்கள்

வடபழனியில் ஒரு தையற்கடைக்கு மேல்மாடி. அதுதான் ஸ்டூடியோ. கீழே மோட்டார் தையல் இயந்திரம் ஓட ஆரம்பித்தால் மேலே பதிவை நிறுத்திவிட வேண்டும். ஒலிப்பதிவாளர் பெயர் தேவசகாயம், நாகர்கோவில்காரர். இருபது வருடம் டப்பிங் படங்களுக்கு அழுகையும் அலறலும் பதிவு செய்தவர். குஜராத்தியில் ஒரு சொல் தெரியாது. "எனக்கு பாஷை வேண்டாம் மேடம். மூச்சு தெரிஞ்சா போதும்" என்றார்.

வேலை இதுதான். பார்வையில்லாதவர்களுக்கு ஃபோன் திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் மென்பொருள் இருக்கிறது. அதற்குப் புதிதாக ஒரு குஜராத்திக் குரல் செய்கிறார்கள், வதோதராவில் இருக்கும் கேதன்பாயும் அவருடைய நண்பர்களும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். ஒரு ஆள் மூவாயிரத்து இருநூறு வாக்கியங்களை வாசித்துக் கொடுத்தால், அதைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டி, எதைக் கொடுத்தாலும் வாசிக்கிற குரலாக்கிவிடுவார்களாம். எட்டுப் பேர் குரல் அனுப்பியதில் என்னை எடுத்திருக்கிறார்கள். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளை வீட்டிலிருந்தபடி குஜராத்தியில் எழுதிக் கொடுப்பதுதான் இதுவரை என் தொழில். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

எதற்கு இதில் சேர்ந்தாய் என்று பரிதி கேட்டார். "நேரம் இருக்கு, குரல் இருக்கு" என்றேன். "ம்ம்" என்றார். என் கணவர் பேருந்துப் பணிமனையில் டைம் கீப்பர். வண்டி ஏன் தாமதம் என்று டிரைவர்கள் சொல்லும் காரணங்களை இருபத்தைந்து வருடமாகக் கேட்டவருடைய "ம்ம்" அது.

இன்று நாற்பது வாக்கியம். தயிர் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூன் 5, புதன்

இடைவேளையில் நான் இந்த நோட்டில் தமிழில் எழுதுவதைப் பார்த்து தேவசகாயத்துக்கு ஒரே ஆச்சரியம். "எங்க வீட்டுப் பிள்ளைகளே தமிழ்ல எழுத மாட்டேங்குது மேடம்."

சௌகார்பேட்டையில் குஜராத்திக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளியில் தமிழ் இரண்டாம் பாடம். எங்களுக்குக் குடைக்கடை, வீட்டில் எல்லோரும் தமிழ் பேசுவார்கள், படிக்க ஒருவருக்கும் வராது. பதிமூன்று வயதில் எனக்கு அது பெரிய சௌகரியம். நோட்டை நடுக்கூடத்தில் திறந்து போட்டுவிட்டே பள்ளிக்கூடம் போகலாம்.

அந்த தைரியத்தில்தான், கல்யாணத்துக்கு முன்பு பரிதி எழுதிய கடிதத்தையும் மேசை மேல் விட்டுவிட்டேன். பாபுஜி, என் அப்பா, அதைக் கடைக்கு எடுத்துப் போய், சிப்பந்தி முருகையாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முருகையா கூச்சப்பட்டு நிறுத்தியபோதெல்லாம் "மேல படி" என்றாராம். கடைசி வரி வரைக்கும் கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து கத்தவில்லை. "போறதுன்னா போ. ஆனா உன் குரல் இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது" என்றார். இருபத்து மூன்று வருடம் ஆயிற்று. கேட்கவில்லை. ஆதம்பாக்கத்துக்கும் சௌகார்பேட்டைக்கும் ரயிலில் ஒரு மணி நேரம்கூட ஆகாது.

இதை எதற்கு எழுதினேன்? தமிழில் எழுதுவது ஏன் என்று சொல்ல வந்தேன். அவ்வளவுதான்.

ஜூன் 12, புதன்

வாசிப்பதற்கு இத்தனை சட்டங்கள் இருக்கும் என்று நினைக்கவில்லை. வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண், கூடவும் கூடாது குறையவும் கூடாது. முந்தின நாள் ஊறுகாய் கிடையாது, குளிர்ந்த தண்ணீர் கிடையாது. பத்து வாக்கியத்துக்கு ஒருமுறை பச்சை ஆப்பிள் ஒரு துண்டு. நாக்கு ஒட்டுகிற சத்தம் வராதாம். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம்: உணர்ச்சி கூடாது.

கேதன்பாய் ஃபோனில் பேசினார். அவருக்கு ஒன்பது வயதிலிருந்து பார்வை இல்லை. "ஜிக்னாபென், நீங்க சந்தோஷமா வாசிச்ச துண்டையும் சோகமா வாசிச்ச துண்டையும் சேர்த்து ஒட்டினா, கேக்குறவனுக்குப் பைத்தியம் பிடிச்சிடும். சாவுச் செய்தியும் நீங்கதான் படிக்கணும், கத்திரிக்காய் விலையும் நீங்கதான் படிக்கணும்."

தேவசகாயம் சிரிக்கிறார். "'இன்னும் கொஞ்சம் அழுங்க மேடம்'னு சொல்லியே இருபது வருஷம் பொழச்சவன் நான். என்னைப் போய் 'கொறைங்க, கொறைங்க'ன்னு சொல்ல வச்சுட்டீங்களே."

வாக்கியங்களுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது. எல்லா ஒலியும் வரவேண்டும் என்று கணினி பொறுக்கியவை. ராஜ்கோட் வண்டி முக்கால் மணி நேரம் தாமதம். ஒட்டகத்துக்குக் காய்ச்சல். உங்கள் கடவுச்சொல் தவறு.

எனக்கு வாசிப்பதில் முதல் சட்டம் போட்டவர் பாபுஜி. எனக்குப் பதினொரு வயதில் அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு காலையில் பாபுஜி பழுதான குடைகளுக்குக் கம்பி கட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து குஜராத்திப் பேப்பரைச் சத்தம் போட்டு வாசிக்க வேண்டும். விளையாடப் போகிற அவசரத்தில் ஓட்டமாக ஓட்டுவேன். தலையைத் தூக்காமலே "உதாவள் நத்தி, ஜிகு" என்பார். அவசரம் இல்லை. ஒரு காலைக்கு நாலு தடவையாவது சொல்லுவார்.

ஜூன் 18, செவ்வாய்

இன்று கேதன்பாயோடு சண்டை. ஃபோனில் வரும் கட்டளைச் சொற்களையும் அவர்கள் கூட்டம்தான் குஜராத்தியில் எழுதுகிறது. அழிப்பதற்கு 'விலோபன்' என்று போட்டிருந்தார்கள். எந்த வீட்டில் இப்படிப் பேசுகிறார்கள்? 'பூன்ஸி நாக்கோ' என்றால் சிலேட்டில் கையால் அழித்த குழந்தைக்கும் புரியும். இப்படிப் பதினேழு சொற்களுக்குச் சண்டை போட்டுப் பதினாலில் ஜெயித்தேன்.

"எழுபத்தெட்டு வயசு மனுஷர், குடைக்கடை வச்சிருந்தவர், இந்த மாதிரி சொல்லைக் கேட்டா ஃபோனைத் தூக்கி எறிஞ்சிடுவார்" என்றேன்.

"யார் அவர்?" என்றார் கேதன்பாய்.

"பொதுவா சொன்னேன்."

ஜூன் 20, வியாழன்

எண்பத்தாறு வாக்கியம். தொண்டை கட்டிவிட்டது. பரிதி சுக்குக் கஷாயம் போட்டுக் கொடுத்தார். சுக்கைவிட மிளகு ஜாஸ்தி.

ஜூன் 27, வியாழன்

தக்ஷா பாபியின் ஃபோன். அண்ணன் பங்கஜின் மனைவி. அந்த வீட்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் நேரம்தான் எங்களுடைய நேரம். நாங்கள் குஜராத்தியில் பேசுவதை இங்கே தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

பாபுஜிக்குக் கண்ணில் அழுத்தம் வந்து பார்வை போய் ஒரு வருடம் ஆகிறது. இப்போது வலது கண்ணில் ஜன்னல் இருக்கும் பக்கம் மட்டும் தெரிகிறதாம். தபாலில் மூன்று நாள் தாமதமாக வரும் பேப்பரை விளம்பரம் உட்பட வரி விடாமல் படிக்கிற மனுஷர். அதே பேப்பரின் இணையப் பக்கத்தை இப்போது ஃபோனில் திறந்து வைத்து, ஏதோ ஒரு தகரக் குரலில் கேட்கிறார்.

"பாதி நேரம் 'பட்டன், பட்டன், பட்டன்'னுதான் சொல்லுது. அந்தப் பக்கத்தைச் செஞ்சவங்க ஒரு பட்டனுக்கும் பேர் வைக்கலையாம். இவர் 'என்னடா பட்டன், சட்டைப் பட்டனா?'ன்னு அதுகிட்டயே சண்டை பிடிக்கிறார். ஆனா விடல. வேகத்தை ஏத்தி ஏத்தி வச்சுக்கிட்டு அரை மணியில பேப்பரை முடிச்சிடுறார். எங்களுக்கு ஒரு எழுத்து விளங்காது, கடலை வறுக்குற மாதிரி இருக்கு."

புதுக் குரல் ஒன்று வரப்போகிறது என்று மட்டும் சொன்னேன்.

வேறு செய்தி: வருடம் முழுக்க யாரும் அதில் பேசுவதில்லை என்று பங்கஜ் லேண்ட்லைனை எடுத்துவிடப் பார்த்திருக்கிறான். பாபுஜி விடவில்லையாம். பழைய சாமான் மேல் அவருக்கு எப்போதுமே ஆசை. உடைந்த குடைக்காம்பைக்கூடத் தூக்கிப் போட விடமாட்டார்.

ஜூலை 9, செவ்வாய்

வாக்கியம் 2114. கேள்விகளாக வருகிற வரிசை. மழை வருமா? சாவி எங்கே? அடுத்தது, 'கோண் போலே சே?' யார் பேசுவது?

வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தேவசகாயம் கையைத் தூக்கினார்.

"இன்னொருவாட்டி மேடம்."

வாசித்தேன். மறுபடியும் கை. பத்தொன்பது தடவை வாசித்தேன். கடைசியில் அவர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"தப்பா நெனக்காதீங்க. அந்த ஒண்ணு மட்டும் வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு. வயசான ஆம்பிளை யாரோ. நீங்க வாசிக்கல, அவரு கேக்குறாரு."

ஆப்பிள் துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"யாரு மேடம் அது?"

"தெரிஞ்சவர்."

மேற்கொண்டு கேட்கவில்லை. மீதி ஆப்பிளையும் வெட்டி என் முன்னால் வைத்துவிட்டு, "இதை விட்டுட்டு அடுத்ததுக்குப் போவோம். கடைசி நாள்ல பாத்துக்கலாம்" என்றார்.

ஜூலை 10, புதன்

நேற்று எழுதாததை எழுதிவிடுகிறேன்.

தீபாவளியை ஒட்டி எங்களுக்குப் புது வருடம் பிறக்கும். பெஸ்து வரஸ் என்று பெயர். காலையில் பெரியவர்கள் காலில் விழுந்து 'சால் முபாரக்' சொல்ல வேண்டும். எனக்குக் கல்யாணமான வருடம், அன்று காலை ஆறரை மணிக்கு வீட்டு லேண்ட்லைனுக்கு ஃபோன் செய்தேன். பாபுஜிதான் எடுத்தார். "கோண் போலே சே?" என்றார். என் குரல் அந்த வீட்டில் கேட்கக் கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நானே வைத்துவிட்டேன்.

இருபத்து மூன்று புது வருடங்களாக இதையே செய்கிறேன். ஒருதடவைகூட வேறு யாரும் எடுத்தது கிடையாது. அவர் அதிகாலையில் எழுந்துவிடுவார், அதனால். ராங் நம்பர் என்று நினைத்துக்கொள்வாராக இருக்கும். 'போலே'யில் கொஞ்சம் ஏறி 'சே'யில் வந்து உட்காரும் அந்தக் கேள்வி. வருடத்துக்கு அவர் குரலில் எனக்குக் கிடைப்பது அந்த மூன்று சொல்தான். நாலாவது சொல் வேண்டுமென்றால் நான் பதில் சொல்ல வேண்டும்.

அப்பாவின் குரலுக்காக ஏங்குகிறேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. நாற்பத்தேழு வயது. ஆனால் ஏங்குகிறேன். சும்மா என்ன வேண்டுமானாலும் பேசட்டும். குடைக்கம்பி பற்றிப் பேசட்டும். என்னைத் திட்டட்டும்.

ஜூலை 12, வெள்ளி

சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பரிதி பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒண்ணு கேப்பேன். கோபப்படக் கூடாது."

"கேளுங்க."

"கேக்கவே கூடாதுன்னு அவர் சொன்ன குரலை, அவருக்குத் தெரியாம அவர் காதுல கொண்டுபோய் வைக்கிறோமே. கண்ணு தெரியாத மனுஷன். இது சரியா?"

"ஊர்ல அத்தனை பேர் கேக்கப்போற குரல் இது. அவர் ஒருத்தருக்காகவா நான் வாசிக்கிறேன்?"

"வண்டி லேட்டானா டிரைவர் காரணம் எழுதித் தரணும். அப்பத்தான் நான் கையெழுத்துப் போடுவேன். நீ காரணத்தை எழுதாம கையெழுத்து மட்டும் கேக்குற ஜிக்னா."

கோபப்பட்டேன். கத்தினேன். மாவு கையோடு கத்தியதில் தொண்டை போய்விட்டது. நாளைக்கும் திங்கட்கிழமைக்கும் பதிவு ரத்து.

பரிதி கேட்டதில் தப்பில்லை. அதனால்தான் கத்தினேன்.

ஜூலை 26, வெள்ளி

முடிந்தது. கடைசியாக 2114-ஐ எடுத்துக்கொண்டோம். யாருமே பேசாத மாதிரி வாசித்தேன். முதல் தடவையே சரியென்று கட்டை விரலைக் காட்டினார் தேவசகாயம். கிளம்பும்போது ஒரு டஜன் பச்சை ஆப்பிள் வாங்கிக் கொடுத்தார். "உங்க குரல் இனி உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல மேடம்" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

ரக்ஷா பந்தன். பங்கஜுக்கு வழக்கம் போல அனுப்புநர் பெயர் இல்லாமல் ராக்கி போய்ச் சேர்ந்துவிட்டது. கட்டிக்கொண்டானாம். யார் அனுப்பியது என்று அந்த வீட்டில் யாரும் கேட்கமாட்டார்கள்.

செப்டம்பர் 12, வியாழன்

குரல் வெளியாகிவிட்டது. பட்டியலில் காட்டுவதற்கு ஒரு பெயர் வேண்டும், உங்கள் பெயரையே போடட்டுமா என்று கேதன்பாய் போன வாரம் கேட்டார். அவசரமாக வேண்டாமென்றேன். 'மேகா' என்று போடச் சொன்னேன். மேகம். குடைக்கடைக்குப் படியளக்கிற சாமி.

பரிதி தன் ஃபோனில் போட்டுக் கேட்டார். இத்தனை வருடத்தில் என்னிடமிருந்து அவர் பாதி குஜராத்தி கற்றுக்கொண்டிருக்கிறார். இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சொன்னார்: "உன் குரல்தான். ஆனா நீ வீட்ல இல்லாதப்ப பேசுற மாதிரி இருக்கு."

செப்டம்பர் 17, செவ்வாய்

காலையில் பாபி மாடியிலிருந்து கூப்பிட்டாள். மாதிரிக்கு இரண்டு வரி கேட்டாளாம். "ஜிக்னாபென், நான் எதுவும் கேக்கல. அவர் ஃபோன்ல போடட்டுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

பரிதி சொன்னது மனதில் வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உங்க இஷ்டம்" என்று வந்தது.

மாலை மறுபடி கூப்பிட்டாள்.

"புதுக் குரல் போட்டா வேகம் தன்னால இறங்கி சாதாரணமா வந்துடுது. ரெண்டு வரி கேட்டார். நிறுத்துன்னார். எழுந்து சுவரைப் பிடிச்சுக்கிட்டே பூஜை ரூமுக்குப் போயிட்டார். சாப்பிடக் கூப்பிட்டும் வரல. மூணு மணிக்கு அவரே வந்து ஃபோனை எடுத்தார். வேகத்தை முன்னே இருந்ததைவிட இன்னும் ஏத்தினார். அப்புறம் பழையபடி கடலை வறுக்க ஆரம்பிச்சாச்சு."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல."

அவ்வளவுதான். அவருக்குத் தெரியவில்லை. புது இயந்திரம், புதுச் சத்தம், தலைவலித்திருக்கும். மாற்று என்று சொல்லவில்லையே, அதுவே போதும். பிறகு சாம்பார்ப் பொடி அரைத்து வைத்தேன்.

செப்டம்பர் 18, புதன்

வேறு ஏதோ வேலையாகப் பேசுவது போல கேதன்பாயிடம் கேட்டேன்: வேகமாக வைத்துக் கேட்டால், பேசுவது யார் என்று தெரியுமா?

"நான் மூணு மடங்கு வேகத்துல கேக்குறேன் ஜிக்னாபென். நீங்க பக்கத்தை ஒரு கண்ணோட்டத்துல மேய்ஞ்சுட்டுப் போறீங்க இல்லையா, எங்களுக்கு அதுதான் இது. அந்த வேகத்துல குரல்னு ஒண்ணு கிடையாது. விஷயம் மட்டும்தான் இருக்கும். எங்கம்மா குரலை அப்படி ஓட்டினாக்கூட எனக்கு அடையாளம் தெரியாது."

"மெதுவா யார்தான் கேப்பாங்க?"

"கத்துக்கிறவங்க, முதல் ஒரு மாசம். ஏத்தினவங்க யாரும் திரும்ப இறக்கினதா நான் கேள்விப்பட்டதில்ல. ஓடிப் பழகினவன் தவழுவானா?"

நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

அக்டோபர் 3, வியாழன்

நவராத்திரி ஆரம்பம். எதிர்வீட்டில் கொலு.

என் ஃபோனில் மேகாவைப் போட்டு, வேகத்தைக் கடைசி வரை ஏற்றி, அந்தப் பேப்பரின் பக்கத்தைத் திறந்து கேட்டேன். சத்தம் மட்டும்தான் ஓடுகிறது. அதற்குள் எங்கேயும் நான் இல்லை. ஒருநாளைக்கு அரை மணி நேரம் அவர் காதுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு தூரத்தில் நான் என்றுமே இருந்ததில்லை.

வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கும் அந்த மூன்று சொல்லே மேல். அதிலாவது அவர் யார் என்று கேட்டார்.

அக்டோபர் 9, புதன்

மழை. குடை எடுக்காமல் கடைக்குப் போய் நனைந்து வந்தேன். குடைக்கடைக்காரர் மகள் நனையலாமா என்று பரிதி கேலி செய்தார். துண்டை வாங்கி முகத்தை நெடுநேரம் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அக்டோபர் 16, புதன்

பாபி. இன்று துணி காயப்போடும் நேரமில்லை. பத்தரை மணிக்கே கூப்பிட்டாள்.

"ஃபோன் கெட்டுப்போச்சுன்னு நெனச்சேன் ஜிக்னாபென். இழுத்து இழுத்துப் பேசுது. போய்ப் பார்த்தா வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வச்சிருக்கார். தசராவிலேர்ந்து இப்படித்தான். அரை மணியில முடிக்கிற பேப்பர் இப்ப சாப்பாட்டு நேரம் தாண்டிப் போகுது. நேத்து கடைசிப் பக்கத்துல பருத்தி விலை, நிலக்கடலை விலை எல்லாத்தையும் உட்கார்ந்து கேக்குறார். 'பட்டன், பட்டன்'னு வருமே, அதைக்கூடத் தாண்டிப் போகல. முன்ன அதுகிட்ட சண்டை போடுவார். இப்ப கையை மடியில வச்சுக்கிட்டு அதையும் கேக்குறார்."

"தப்பா எதையாவது தொட்டிருப்பார்."

"நானும் அப்படி நெனச்சுத்தான், 'சரி பண்ணித் தரேன்'னு கையை நீட்டினேன். கையைத் தள்ளிட்டு 'ரெஹ்வா தே'ன்னார்."

விட்டுவிடு, இருக்கட்டும் என்று அர்த்தம்.

"காது மந்தமாயிருக்கும் பாபி. ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றேன்.

"உங்களுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றாள். பிறகு சொன்னாள்: "இன்னொண்ணு சொல்றேன். பெஸ்து வரஸ் அன்னிக்குக் காலையில அந்த லேண்ட்லைனை வீட்ல வேற யாரும் தொடக் கூடாது. நான் கல்யாணமாகி வந்த நாளா அதுதான் சட்டம். ஆறு மணிக்கே பக்கத்துல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திடுவார். ஃபோன் வந்து நின்ன பிறகுதான் டீ கேப்பார்."



அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. அதிரசம் சுட்டேன், இரண்டு உடைந்தது.

சனிக்கிழமை பெஸ்து வரஸ். புது வருடத்தில் வீட்டுக்குள் முதலில் வரவேண்டியது உப்பு. பாபுஜியின் ஊரில் விடியும் முன்பே தெருவில் உப்பு விற்று வருவார்களாம். ஆதம்பாக்கத்தில் யார் வருவார்கள்? நானே வருடா வருடம் கல் உப்பு ஒரு பாக்கெட் வாங்கி வைப்பேன். "ஏற்கெனவே மூணு பாக்கெட் இருக்கே, ஊறுகாய் கம்பெனி வைக்கப் போறியா?" என்று பரிதியும் வருடா வருடம் கேட்பார்.

இந்தத் தடவை அவரே வாங்கி வந்து மேசை மேல் வைத்தார். கேலி செய்யவில்லை.

நவம்பர் 2, சனி

ஆறரைக்குக் கூப்பிட்டேன். முதல் மணி முடிவதற்குள் எடுத்துவிட்டார்.

கேள்விக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பின்னால் கூடத்துக் கடிகாரம். வழக்கமாக நான் வைத்துவிடும் நேரம் வந்தது, கடந்து போயிற்று. அவர் கேட்கவே இல்லை. பரிதி சீருடை மாட்டிக்கொண்டு, சட்டைப் பொத்தான் பாதி போட்டபடி சமையலறை வாசலில் நின்று, பேசு பேசு என்று கையால் காட்டுகிறார். மூவாயிரத்து இருநூறு வாக்கியம் வாசித்தவளுக்கு ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை.

அவர்தான் பேசினார்.

"போல், ஜிகு." பேசு. கொஞ்சம் பொறுத்து, "உதாவள் நத்தி." அவசரம் இல்லை.

"சால் முபாரக், பாபுஜி" என்றேன். குரல் உடைந்து எங்கேயோ போயிற்று. தேவசகாயம் இருந்திருந்தால் கையைத் தூக்கியிருப்பார்.

நாற்பத்தோரு நிமிடம் என்று பரிதி கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார். அவ்வளவு நேரமும் அந்த வாசலைவிட்டு அவர் நகரவில்லை. இருபத்தைந்து வருடத்தில் முதல்முறையாக இன்று பணிமனைக்குத் தாமதமாகப் போயிருக்கிறார். காரணம் என்று என்ன எழுதிக் கொடுத்தார், மாலையில் வந்ததும் கேட்க வேண்டும்.